குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் அரசியல் ஃபார்வேர்டுகளுக்குப் பதில் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

காதுகுத்து அழைப்பிதழும் குலதெய்வக் கோயில் வரிக் கணக்கும் வரும் அதே குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான், ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் காலை ஆறு மணிக்குள் நான்கைந்து அரசியல் செய்திகளையும் அனுப்பிவிடுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே வேலையை மின்னஞ்சல் செய்துகொண்டிருந்தது. பெறுநர் பட்டியலில் ஐம்பது முகவரிகளோடு கைமாறி வந்த அந்தக் கடிதங்களுக்கும் இன்றைய ஃபார்வேர்டுகளுக்கும் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. அவர் ஆதரிக்கும் கட்சி உங்களுக்கு உடன்பாடில்லாததாகவும், அவர் அனுப்புவதில் ஒரு பகுதி பொய்யாகவும் இருக்கும்போது என்ன செய்வது என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். பெரியப்பா எந்தக் கட்சிக்காரர் என்பதைப் பொறுத்து இந்த முறை மாறாது.

தொடங்குவதற்கு முன் நோக்கத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். நாற்பது ஆண்டுகளாக ஒரே சின்னத்துக்கு வாக்களித்து வருபவரை வாட்ஸ்அப்பில் மாற்றிவிடலாம் என்பது நோக்கமானால், அதை இப்போதே கைவிட்டுவிடுவது நல்லது. நடக்கக்கூடியவை இரண்டு: ஒரு குறிப்பிட்ட பொய் அவரிடமிருந்து அடுத்த குழுவுக்குப் போகாமல் நிற்பது, குழுவில் எதுவும் எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருக்கும் உறவினர்களுக்குச் சரியான தகவல் கிடைப்பது. இரண்டாவதுதான் பெரிது. முதல் முறை வாக்களிக்கப் போகும் தங்கை மகனும், செய்தித்தாள் படிக்க நேரமில்லாத அண்ணியும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கும் என்பதை உளவியலாளர்கள் 1977ஆம் ஆண்டிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்; மறுப்பே வராத குழுவில் அந்த வேலை தடையின்றி நடக்கும்.

படி 1: பதில் தேவைப்படும் செய்தி எது என்று பிரித்தெடுங்கள்

வரும் செய்திகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை கருத்து. 'இந்த ஆட்சியில் விலைவாசி தாங்க முடியவில்லை', 'எங்கள் தலைவரைப் போல ஒருவர் இனிப் பிறக்கப் போவதில்லை' என்பவை இதில் அடங்கும். கேலிச் சித்திரங்களும் மீம்களும் இதைச் சேர்ந்தவைதான். இவற்றுக்குப் பதில் எழுத வேண்டாம். உங்களுக்கு எரிச்சலூட்டுகிறது என்பதால் ஒரு கருத்து பொய்யாகிவிடாது. இவற்றுக்கும் மறுப்பு எழுதிக்கொண்டிருப்பவரை, உண்மையான பொய் ஒன்று வரும் நாளில் எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

இரண்டாவது வகை, சரிபார்க்கக்கூடிய தகவல். இன்ன தேதியில் இன்னார் இப்படிச் சொன்னார், அரசு இப்படி ஆணை பிறப்பித்தது, இந்தக் காணொளி இந்த ஊரில் எடுக்கப்பட்டது என்பன போன்ற கூற்றுகள். உங்கள் உழைப்பு முழுவதும் இங்கேதான் செல்ல வேண்டும்.

மூன்றாவது வகை ஆபத்தானது: ஒரு சாதியினரையோ, மதத்தினரையோ, வெளியூர்க்காரர்களையோ குறிவைத்து அச்சத்தையோ வெறுப்பையோ கிளப்புபவை. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்து வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணி ஒருவரை அடித்தே கொன்றது. 2023 மார்ச் மாதத்தில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கிக் கொல்லப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. தொழிலாளர்கள் பலர் அஞ்சி ஊர் திரும்பினர், பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து விசாரித்தது. காவல் துறை ஆராய்ந்தபோது, பரவிய காணொளிகளில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவர் மோதியது என்றும் தெரியவந்தது. இந்த வகைச் செய்திக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. அது வந்த நேரத்திலேயே பதில் போக வேண்டும்.

ஒரே செய்தியில் இவை கலந்திருப்பதே வழக்கம். ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம், உங்கள் வாக்கை வேறொருவர் போட்டிருந்தால் 49பி (49P) பிரிவின்படி 'டெண்டர் ஓட்டு' போடலாம், ஒரு சாவடியில் டெண்டர் ஓட்டுகள் 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும். இதில் நடுவில் உள்ளது மட்டுமே சரி. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் அது இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. 14 சதவீத விதி என்று ஒன்று கிடையாது. பொய்யைத் தாங்கிப் பிடிக்க ஓர் உண்மையை நடுவில் நட்டுவைக்கும் இந்த உத்தியைக் கவனித்துக்கொள்ளுங்கள். 'முழுவதும் பொய்' என்று நீங்கள் எழுதினால், பெரியப்பா அந்த ஓர் உண்மையைக் காட்டி உங்களை மடக்கிவிடுவார்.

படி 2: சரிபாருங்கள்

முதலில் செய்தியின் மேல்பகுதியைப் பாருங்கள். ஒற்றை அம்புக்குறி இருந்தால் அது வேறொருவரிடமிருந்து வந்தது. இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்தது. இரட்டை அம்பு உள்ளதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கொண்டுவந்தது. இரட்டை அம்பு இருப்பதாலேயே செய்தி பொய்யாகிவிடாது. ஆனால் அதை எழுதியவர் பெரியப்பா அல்ல என்பது அதிலிருந்து உறுதியாகத் தெரிகிறது. நான்காம் படியில் இது பயன்படும்.

தமிழ்நாட்டில் மிக அதிகமாக வரும் போலி, தொலைக்காட்சிகளின் பெயரில் தயாரிக்கப்படும் நியூஸ் கார்டு. தலைவர் ஒருவரின் படம், அவர் சொன்னதாக இரண்டு வரி, மூலையில் பழக்கமான ஒரு முத்திரை: கைபேசியிலேயே பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். அந்த அலைவரிசையின் அதிகாரப்பூர்வ ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்துக்குச் சென்று, கார்டில் உள்ள தேதியில் அப்படி ஒன்று வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துரு மாறியிருப்பதும் ஒற்றுப்பிழைகள் மலிந்திருப்பதும் ஐயத்துக்கு இடம் தரும் அறிகுறிகள். ஆனால் அசல் கார்டுகளிலும் ஒற்றுப்பிழைக்குப் பஞ்சமில்லை என்பதால் அதை மட்டுமே சான்றாகக் கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அந்த அலைவரிசையே போலிக் கார்டின் மேல் 'போலி' என்று முத்திரையிட்டு வெளியிட்டிருக்கும். அதைவிட நல்ல மறுப்பு வேறில்லை.

படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால், அது இதற்கு முன் எங்கெல்லாம் வெளியாகியிருக்கிறது என்பது தெரியும். காணொளியானால், முகமோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே முறையில் தேட வேண்டும். கடைப் பலகையின் மொழி, வண்டி எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள், பேருந்தின் நிறம், காவலர் சீருடை ஆகியவற்றைப் பார்த்தாலே, மதுரையில் நடந்ததாகச் சொல்லப்படுவது வேறு மாநிலத்தில் நடந்தது என்று பல நேரம் புரிந்துவிடும். குரல் பதிவுகளை இப்போது எளிதில் நம்ப முடியாது. மறைந்த தலைவர்கள் கருணாநிதி, ஜெயலலிதா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி, அவரவர் கட்சியினரே 2024ஆம் ஆண்டில் வெளிப்படையாகப் பயன்படுத்தினர் என்றால், மறைவாகச் செய்பவர்களால் என்னவெல்லாம் முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

மேற்கோள்களுக்குத் தேதியையும் இடத்தையும் கேளுங்கள். பிச்சைக்காரரோ திருடரோ ஒருவர்கூட இல்லாத நாடு இந்தியா என்றும், இதை வெல்ல இதன் பண்பாட்டு முதுகெலும்பை முறிக்க வேண்டும் என்றும் இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு செய்தி மின்னஞ்சல் காலத்திலிருந்தே சுற்றிவருகிறது. மெக்காலே 1834 ஜூன் மாதத்தில் சென்னையில் வந்து இறங்கியவர். குறிப்பிட்ட அந்த நாளில் அவர் இருந்தது கல்கத்தாவில். அந்தத் தேதி அவருடைய கல்விக் குறிப்புக்கு உரியது. அந்தக் குறிப்பில் இப்படி ஒரு வரியும் இல்லை. தேதி கொடுக்கப்பட்டிருப்பதாலேயே நம்பப்பட்ட மேற்கோள், அந்தத் தேதியாலேயே பிடிபடுகிறது. தேதியே இல்லாமல் அப்துல் கலாம் பெயரில் உலவும் வாசகங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்கள் வந்தால் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் எண் சரியாக இருந்து முடிவு தவறாக இருக்கும். மாநிலத்தின் கடன் இத்தனை லட்சம் கோடி என்ற செய்தி பெரும்பாலும் உண்மையான எண்ணையே சொல்லும். அது மாநில மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம், முந்தைய ஆட்சியின் முடிவில் அது எவ்வளவாக இருந்தது, பிற மாநிலங்களில் எவ்வளவு என்பவற்றைச் சொல்லாது. மாநில நிதிநிலை குறித்து ரிசர்வ் வங்கி வெளியிடும் ஆய்வறிக்கையிலும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளிலும் இவை கிடைக்கும். வேட்பாளரின் சொத்து என்றால், வேட்புமனுவோடு அவர் அளித்த பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது. அரசாணை என்றால் அதற்கு எண்ணும் துறையும் தேதியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அரசாணை இல்லை.

யூடர்ன், நியூஸ்மீட்டர், ஃபேக்ட் கிரசென்டோ, நியூஸ்செக்கர் போன்றவை தமிழிலேயே செய்திகளைச் சரிபார்த்து வெளியிடுகின்றன. அவற்றைத் தேடிப் படியுங்கள். ஆனால் பெரியப்பாவுக்கு அனுப்பும்போது, அவர்கள் சான்றாகக் காட்டியிருக்கும் மூல ஆவணத்தின் இணைப்பை அனுப்புங்கள். அதன் காரணம் ஐந்தாம் படியில் வருகிறது.

தேடியும் முடிவு கிடைக்கவில்லை என்றால் பதில் எழுதாமல் விட்டுவிடுங்கள். 'எனக்கென்னவோ பொய்யாகத்தான் தெரிகிறது' என்பது மறுப்பு ஆகாது.

படி 3: யார், எங்கே சொல்வது

முதலில் தனிச் செய்தியில் சொல்லுங்கள். குழுவில் முப்பது பேர் முன்னிலையில் திருத்தப்படும் மூத்தவர், செய்தியை மறந்துவிட்டுத் தன் மரியாதையைக் காக்கத் தொடங்கிவிடுவார். தனியாகச் சொல்வதில் இன்னொரு வசதியும் உண்டு: அனுப்பிய செய்தியை இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை அனுப்பியவரே எல்லோருடைய கைபேசியிலிருந்தும் நீக்கிவிட முடியும். காலையில் வந்ததை நீங்கள் மாலைக்குள் சொல்லிவிட்டால், அவர் தாமாகவே எடுத்துவிட்டு, 'யாரோ அனுப்பியது, சரியில்லையாம்' என்று ஒரு வரி போட்டுவிடுவார்.

உறவுமுறையையும் பாருங்கள். அண்ணன் மகன் பெரியப்பாவிடம் சொல்வதும், மருமகள் மாமனாரிடம் சொல்வதும் ஒன்றல்ல. மாமனாரின் ஃபார்வேர்டை மருமகள் குழுவில் மறுத்தால், அரசியல் மறைந்து வளர்ப்பு முறை பேசுபொருளாகிவிடும். அது நியாயமில்லை, ஆனால் நடக்கும். அந்த வீட்டில் பேச வேண்டியவர் மகன். மைத்துனர்களுக்கு இடையே கேலியாகவே சொல்லி முடித்துவிடலாம். சம்பந்தி வீட்டார் சேர்ந்த குழுவாக இருந்தால், மூன்றாவது வகைச் செய்தியைத் தவிர வேறெதையும் தொடாமல் இருப்பதே என் அறிவுரை. பெரியப்பா யாருடைய பேச்சுக்குச் செவி கொடுப்பார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அது அவருடன் வேலை பார்த்த நண்பராகவோ தங்கையாகவோ இருக்கும். அவர்கள் வழியாகச் செல்லுங்கள்.

குழுவிலேயே சொல்ல வேண்டிய நேரமும் உண்டு. அவர் நீக்க மறுத்துவிட்டால், அல்லது வாக்களிக்கும் உரிமை, மருத்துவம், வன்முறை ஆகியவற்றோடு தொடர்புடைய செய்தியாக இருந்தால், எல்லோருக்கும் தெரியும்படி ஒரு முறை எழுதிவிட வேண்டும்.

படி 4: எழுதும் முறை

சரியான தகவலில் தொடங்குங்கள். பொய்யை முதலில் எழுதி, பிறகு 'இது தவறு' என்று முடித்தால், அரைகுறையாகப் படிப்பவர் மனத்தில் பொய்தான் தங்கும். செய்தியில் ஏழு கூற்றுகள் இருந்தாலும், மிக எளிதாக நிறுவக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் நான்கைந்து வரிகளைத் தாண்ட வேண்டாம். இணைப்பு தமிழில் இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவருக்கு அரை நிமிடக் குரல் பதிவு இன்னும் நல்லது.

தனிச் செய்தி இப்படி இருக்கலாம்:

'பெரியப்பா, காலையில நீங்க அனுப்புன நியூஸ் கார்டு பத்தி அந்த சேனல் பக்கத்துலயே போய்ப் பார்த்தேன். அவங்க இப்படி ஒண்ணு போடவே இல்லையாம், போலின்னு அவங்களே அறிவிச்சிருக்காங்க. லிங்க் கீழ இருக்கு, பாருங்க. யாரோ செஞ்சு விட்டது நம்ம பேருல சுத்த வேண்டாம், எடுத்துடுங்களேன்.'

குழுவில் எழுதுவது:

'வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் ஓட்டுப் போட முடியும். பேர் இல்லாதவங்க ஆதார் காட்டிப் போடலாம்னு வர்ற செய்தி சரியில்ல. நம்ம பேருல வேற யாராவது போட்டிருந்தா டெண்டர் ஓட்டு கேட்கலாம், அந்தப் பகுதி மட்டும் சரி. பட்டியல்ல பேர் இருக்கான்னு எல்லாரும் இன்னைக்கே பார்த்துக்கோங்க.'

இரண்டாவதில் அனுப்பியவரின் பெயரே இல்லை, சரியான பகுதி ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது, படிப்பவருக்குச் செய்ய ஒரு வேலையும் தரப்பட்டிருக்கிறது. முதலாவதில் பழி முகம் தெரியாத ஒருவர் மேல் போகிறது. இரட்டை அம்புக்குறி அதற்கு இடமளிக்கிறது. 'இதைக்கூடவா நம்புறீங்க', 'படிச்சவங்க நீங்களே இப்படியா' போன்ற தொடர்களும், கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையும் கண்டிப்பாக வேண்டாம். 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய்த் தாளில் செயற்கைக்கோளோடு பேசும் சிப் இருக்கிறது என்பதை நம்பியவர்களில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை.

படி 5: அவர் திருப்பிக் கேட்கும்போது

பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். 'அப்போ உங்க ஆளுங்க செஞ்சது மட்டும் சரியா?' என்பது முதலாவது. இதற்குள் நுழையாதீர்கள், 'அதையும் தனியா அனுப்புங்க பெரியப்பா, பார்க்கிறேன், இந்த வீடியோ பழசுங்கிறதை மட்டும் இப்போ சொன்னேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் பின்னர் அனுப்பினால், சொன்னபடி உண்மையாகவே பாருங்கள்.

'சரிபார்க்கிறவங்களே கட்சிக்காரங்க' என்பது இரண்டாவது. இதை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019 முதல் ஒரு சரிபார்ப்புப் பிரிவை நடத்துகிறது. தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டில் தனக்கென ஒன்றை அமைத்தது. தன்னைப் பற்றிய செய்தியின் உண்மையைத் தானே தீர்மானிக்கும் அமைப்பை ஒருவர் ஐயத்தோடு பார்ப்பதில் தவறில்லை. மத்திய அரசின் பிரிவுக்குச் சட்ட வலு அளிக்கவிருந்த விதித் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்ததும் நினைவில் இருக்கட்டும். ஆகவேதான் மூல ஆவணத்தை அனுப்பச் சொன்னேன். அலைவரிசையின் சொந்தப் பக்கத்தையும், வேட்பாளர் கையெழுத்திட்ட பத்திரத்தையும் கட்சி சார்ந்தவை என்று தள்ளுவது கடினம்.

மூன்றாவது, 'எனக்கு வந்தது, அனுப்புனேன். நான் எழுதலையே' என்பது. இங்கே சட்டத்தை மென்மையாக நினைவூட்டலாம். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவொன்றைப் பகிர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் முன்ஜாமீன் மனுவை 2018ஆம் ஆண்டில் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று கூறியது. மன்னிப்புக் கேட்டுப் பதிவை நீக்கிய பின்னரும் அந்த வழக்கு அவரை விடவில்லை. மிரட்டலாக இல்லாமல், அவர் மேல் உள்ள அக்கறையாக இது ஒலிக்க வேண்டும்.

எதுவானாலும் இரண்டு முறைக்கு மேல் பதில் எழுத வேண்டாம். மூன்றாவது சுற்றில் இரு தரப்பும் தகவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

படி 6: உங்கள் பக்கத்துப் பொய்யையும் திருத்துங்கள்

உங்கள் கட்சிக்குச் சாதகமான போலிக் கார்டை ஒன்றுவிட்ட தம்பி குழுவில் போடும்போது நீங்கள் சும்மா இருந்தால், அதுவரை எழுதிய எல்லாத் திருத்தங்களும் வீணாகிவிடும். பெரியப்பா அதைக் கண்டிப்பாகக் கவனித்திருப்பார். அவருக்குச் செய்த அதே சரிபார்ப்பை, அதே தொனியில், அதே விரைவில் தம்பிக்கும் செய்யுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யச் சொல்வேன். எதிர்க்கட்சியைப் பற்றிய ஒரு பொய்யை நீங்களே மறுத்துவிட்ட குழுவில், அடுத்த முறை உங்கள் சொல்லுக்கு வேறு மதிப்பு இருக்கும்.

படி 7: எல்லை

சாதி, மத வசவுகள் வந்தால் சரிபார்க்க எதுவும் இல்லை. 'இது நம்ம குரூப்ல வேண்டாம்' என்ற ஒரு வரி போதும். குழு நிர்வாகி எவருடைய செய்தியையும் எல்லோருக்குமாக நீக்க முடியும் என்பதால் அவரிடம் கேளுங்கள். பல குடும்பங்களில் அந்த நிர்வாகி பெரியப்பாவாகவே இருப்பார். அப்போது அரசியல் பேச விரும்புவோருக்கென்று தனிக் குழு ஒன்றைத் தொடங்கி, பழையதை விசேஷங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர் ஒருவர் வழியாகச் சொல்லிப் பாருங்கள். தேர்தல் நேரத்தில் மட்டும் தாங்க முடியாமல் போனால், ஒலி அறிவிப்புகளை ஒரு வாரத்துக்கோ நிரந்தரமாகவோ அணைத்துவைக்கலாம்.

வெளியேறுவது கடைசி வழி. 2022 முதல் வெளியேறுபவரின் அறிவிப்பு நிர்வாகிகளுக்கு மட்டுமே போகிறது என்றாலும், குடும்பக் குழுவில் அது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே முன்கூட்டியே பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். கல்யாணம், காதுகுத்து, துக்கச் செய்திகளைத் தனியாக அனுப்பும்படி குழுவில் உள்ள ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் விடுபட்டுவிட்டால், அதில் வரும் மனத்தாங்கல் எந்தத் தேர்தல் முடிவாலும் தீராது.